பதினாறு ஜோடி எழுத்து

என் கையெழுத்து கோணல். பிழையும் நிறைய இருக்கும். ர, ற இரண்டும் எனக்கு எப்போதும் இடம் மாறும். ஹனூர் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இதே மன்னிப்பை நான் ஏற்கெனவே ஒருமுறை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தியிருக்கிறேன். "எனக்கு எழுத வராதுங்க சார்" என்று சொல்லி, எழுத வேண்டிய இடத்தில் எழுதாமல் தப்பித்தேன். அதனால் வேறொருவர் மாட்டிக்கொண்டார்.

மைசூரில் ஹெப்பாள் பக்கம் அட்டைப்பெட்டி செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். அட்டெண்டர் என்று பெயர். உண்மையான வேலை கம்ப்யூட்டர் அறையின் சாவியை வைத்திருப்பது. அறையைப் பெருக்குவது, ஏசி ஓடுகிறதா என்று பார்ப்பது, இரும்பு அலமாரிக்குள் இருக்கும் சர்வரில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது. அந்தச் சர்வர் மிகவும் பழையது. அதற்கென்று திரைகூடக் கிடையாது. பக்கத்து மேசையில் இருக்கும் கம்ப்யூட்டர் வழியாகத்தான் அதற்குள் போக வேண்டும். எந்தக் கம்பெனிக்கு எந்த அளவில் எத்தனை பெட்டி என்பதெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. அது நின்றால் லேபிள் அச்சடிக்க முடியாது. லேபிள் இல்லாமல் லாரி வெளியே போகாது.

எனக்கு இந்த வேலை பிடித்ததற்குக் காரணம், அதிகம் பேச வேண்டியதில்லை. நாலு பேர் கூடினால் நான் சுவரைப் பார்த்து நிற்கிற ஆள். அந்த அறைக்கு ஒழுங்காக வந்து போனவர் லேபிள்காரர் ஒருவர்தான். கொள்ளேகால்காரர், என் வயதுதான். பியூசி, அதாவது பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர். தமிழும் கன்னடமும் தண்ணீர் மாதிரி படிப்பார். லேபிள் எடுக்க ஒரு நாளைக்கு நாலைந்து முறை மேசைக் கம்ப்யூட்டரில் வந்து உட்காருவார்.

"வெளிய ஆளு வெந்து சாவறான். ஏசி மாப்ள மட்டும் ஊட்டியில உக்காந்திருக்காரு" என்பார்.

"கதவைச் சாத்துங்க, குளிர் போவுது."

"பாத்தீங்களா, பேச வராது பேச வராதும்பாரு. கதவுன்னா மட்டும் வாய் வந்துருது!"

மதியம் சாப்பிடும்போது பேப்பரை எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவதும் அவர்தான்.

சர்வரைப் பார்த்துக்கொள்ள முன்பு ஒரு சிஸ்டம் சார் இருந்தார். என்னைவிட வயதில் சிறியவர், மைசூர்க்காரர். என்னைக் கன்னடத்தில் மரியாதையாக, பெரியவரே என்கிற மாதிரி, "யஜமான்ரே" என்று கூப்பிடுவார். அவர் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாளை ஒட்டிவைத்தார். அதில் இரண்டிரண்டு எழுத்தாகப் பதினாறு ஜோடி. தாளின் அடியில் அவர் பெயரின் சுருக்கத்தை ஆங்கிலத்தில் மூன்று எழுத்தாகப் போட்டிருந்தார்.

"இது நம்ம மிஷினோட கைரேகை, யஜமான்ரே" என்றார். "யாராச்சும் புது லேப்டாப் கொண்டுவந்து கனெக்ட் பண்ணா ஒரு பொட்டி வந்து எஸ்ஸா நோவான்னு கேக்கும். அதுல இந்தப் பதினாறு ஜோடியும் இருக்கும். ஒண்ணொண்ணாப் பாருங்க. ஒரு எழுத்து மாறினாலும் விடாதீங்க. நடுவுல வேற எவனோ இருக்கான்னு அர்த்தம்."

எனக்கு ஆங்கிலம் தெரியாது, தனித்தனி எழுத்துகளை மட்டும் அடையாளம் தெரியும். ஆனால் அந்தப் பதினாறு ஜோடியில் எண்களோடு ஆறே ஆறு ஆங்கில எழுத்துகள்தான் வரும். பஸ் நம்பரைப் பார்ப்பது போலப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டேன். ரிப்பேருக்கு வந்தவர்கள் எல்லாரையும் நிறுத்தி, தாளோடு ஒப்பிட்ட பிறகுதான் விட்டேன். சிலர் சிரித்தார்கள். சிலர் மேனேஜரிடம் சொன்னார்கள். மேனேஜர், "இருக்கட்டும், அவரும் ஒரு நாய் மாதிரி காவலுக்கு இருக்கட்டும்" என்றாராம். எனக்கு அது வருத்தமாக இல்லை.

சிஸ்டம் சார் இரண்டு வருடம் முன்பு மேனேஜரோடு சண்டை போட்டுக்கொண்டு வேலையை விட்டுப் போனார். போன பிறகும் எனக்கு மாதம் ஒருமுறையாவது போன் செய்வார்.

"யஜமான்ரே, சென்னாகித்தீரா, நல்லா இருக்கீங்களா? நம்ம மிஷின் எப்படி இருக்கு? பச்சை லைட்டு ஓடுதா?"

"ஓடுதுங்க சார்."

"ரூம்ல யாரு இருக்காங்க?"

"யாரும் இல்லீங்க சார்."

"சரி சரி, சும்மா கேட்டேன்."

அவ்வளவுதான். என் வீட்டைப் பற்றியோ முட்டி வலியைப் பற்றியோ அவர் ஒருநாளும் கேட்டதில்லை. மிஷின் மேல் அவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த வருடத் தொடக்கத்திலிருந்து தொழிற்சாலையில் ஒரு பேச்சு. நாங்கள் செய்யும் பெட்டிகளின் அளவும் விலையும் இன்னொரு கம்பெனிக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது, நாம் ஆர்டர் கேட்கப் போவதற்குள் அவர்கள் போய் நிற்கிறார்கள் என்று. மேனேஜர் எல்லாரையும் ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தார். நாங்களும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அந்தச் சமயத்தில் பெரிய வாடிக்கையாளர் கம்பெனி ஒன்று, "உங்கள் சர்வருக்குள் வெளியிலிருந்து நுழையும் புரோகிராம் மிகப் பழசு. அதைப் புதுப்பித்தால்தான் மேற்கொண்டு ஆர்டர்" என்று சொல்லிவிட்டது.

வேலையைப் பெங்களூரில் ஒரு சர்வீஸ் கம்பெனிக்குக் கொடுத்தார்கள். ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொழிற்சாலை விடுமுறை. நான் மட்டும் அறையைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தேன். பத்து மணிக்குப் போன் வந்தது. பெண் குரல். கன்னடத்தில் பதில் சொன்னேன். இரண்டு வார்த்தைக்குள் கண்டுபிடித்துவிட்டார்.

"அண்ணா, நீங்க தமிழா? நானும் தமிழ்தான்!"

எனக்கு முதல் சந்தேகம் அங்கேயே வந்துவிட்டது. நம்ம ஊர்தானே என்று சிரித்துப் பேசி, கொள்ளேகால் பஸ்ஸில் என் பையோடு இறங்கிப் போனவர் ஒருவர் உண்டு. அதிலிருந்து பாஷையைச் சொல்லி நெருங்கி வருகிறவர்களிடம் எனக்கு இரட்டை ஜாக்கிரதை.

"சரிங்க மேடம்" என்று மட்டும் சொன்னேன்.

சற்று நேரத்தில் மேசைக் கம்ப்யூட்டரில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. மவுஸ் என்கிற அந்த எலி என் கைக்கு எட்டுகிற தூரத்தில் சும்மா கிடக்கிறது. அம்பு மட்டும் திரையில் இங்கும் அங்கும் போகிறது. பேய் பிடித்த பல்லி மாதிரி இருந்தது. ஒரு கறுப்புக் கட்டம் திறந்தது. அதில் எழுத்துகள் ஓடின.

"அண்ணா, நான்தான் பெங்களூர்ல இருந்து ஓட்டறேன். நீங்க எதையும் தொட வேண்டாம். அந்தக் கறுப்பு விண்டோவை மட்டும் மூடிடாதீங்க."

"ஏனுங்க?"

"இப்ப நான் சர்வருக்கு உள்ள நிக்கறது அது வழியாத்தான். வாசக்கதவு பழசு, அதைக் கழட்டிட்டுப் புதுசு மாட்டறேன்னு வச்சுக்குங்க. புதுக் கதவு வெளிய இருந்து சரியாத் திறக்குதான்னு பாக்கற வரைக்கும் ஒரு ஆள் உள்ள இருக்கணும், இல்லையா? இல்லாட்டி எல்லாரும் வெளிய மாட்டிக்குவோம்."

இது எனக்குப் புரிந்தது. அந்த அறைக்குப் பூட்டு மாற்றியபோது ஆசாரி என்னை உள்ளே நிறுத்திவிட்டுத்தான் வெளியிலிருந்து புதுச் சாவியைப் போட்டுப் பார்த்தார். ஆனால் புரிந்ததாலேயே பயம் கூடியது. கதவைக் கழற்றுகிறவர் யார்? முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்த்து ஏன் வருகிறார்? யாரும் இல்லாத நாள் என்பதாலா?

ஒன்றரை மணி நேரம் எழுத்துகள் ஓடின. பிறகு மேடம், "முடிஞ்சது அண்ணா, இப்ப இன்னொரு விண்டோ திறந்து புதுக் கதவைச் சோதிக்கிறேன்" என்றார். இரண்டாவது கட்டம் திறந்தது. உடனே நடுவில் மஞ்சள் முக்கோணத்தோடு ஒரு பெட்டி குதித்தது. இந்த மேசைக் கம்ப்யூட்டரில் அப்படி ஒரு பெட்டியை நான் பார்த்ததே இல்லை. அதற்குள் பதினாறு ஜோடி.

அலமாரிக் கதவைத் திறந்து தாளைப் பார்த்தேன். முதல் ஜோடியே வேறு. இரண்டாவதும் வேறு. கடைசி வரை ஒன்றுகூடச் சேரவில்லை.

"மேடம், எழுத்து மாறியிருக்குது."

"எந்த எழுத்து அண்ணா?"

"கைரேகைங்க. தாள்ல இருக்கறது வேற."

"ஓ, அது மாறும் அண்ணா. புது புரோகிராம் புதுசா ஒண்ணு உண்டாக்கிக்கும். எஸ் குடுத்துடலாம்."

அம்பு எஸ்ஸை நோக்கி நகர்ந்தது. நான் எலியைப் பிடித்து அம்பை இந்தப் பக்கம் இழுத்தேன். அது மறுபடி போனது. மறுபடி இழுத்தேன்.

"அண்ணா, மவுஸைத் தொடறீங்களா? விடுங்க."

அம்பு மூன்றாம் முறையும் போனது. எழுந்துபோய்ச் சர்வரின் பின்னால் சொருகியிருந்த நீல வயரைப் பிடுங்கிவிட்டேன்.

திரையில் அம்பு மட்டும் அலைந்தது. மேடம் எதையோ தட்டிப் பார்த்தார் போல. பழைய கறுப்புக் கட்டத்தில் ஏதோ ஒரு வரி வந்தது, அதோடு எழுத்து ஓடுவது நின்றது. உள்ளே நின்ற ஆளும் வெளியே வந்தாயிற்று.

"என்ன பண்ணீங்க அண்ணா?"

"வயரை எடுத்துட்டேனுங்க. மேனேஜரைக் கேட்டுட்டுத்தான் போடுவேன்" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

மேனேஜரைக் கேட்கவில்லை. அவரிடம் பேசுவதென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். நான் நம்பிய ஆளுக்குப் போன் செய்தேன். சிஸ்டம் சாருக்கு. எழுத்து மாறினால் விடாதீங்க என்று சொல்லிக்கொடுத்தவரே அவர்தானே.

விஷயத்தைக் கேட்டதும் அவர் குரல் மாறிவிட்டது. "அவங்க பழைய லிஸ்டை எடுத்துட்டாங்களா? உள்ள வரலாம்னு பேர் போட்டிருக்கற லிஸ்ட்டு?"

"எனக்குத் தெரியாதுங்க சார். கைரேகை மாறியிருக்குது, விடலாமுங்களா?"

"அதை விடுங்க, அது மாறத்தான் செய்யும். நான் சொல்றதக் கேளுங்க. நீங்க வயரைப் போடுங்க. போட்டுட்டு அந்தம்மாவை ஒரு பத்து நிமிஷம் போன்ல பிடிச்சு வைங்க. ஏதாச்சும் கேட்டுட்டே இருங்க. அதுக்குள்ள நான் உள்ள போயி ஒரு வேலைய முடிச்சுட்டு வந்துடறேன்."

"உள்ள போயின்னா, எங்கீங்க சார்?"

"நம்ம மிஷினுக்குள்ளதான் யஜமான்ரே. வீட்ல இருந்தே."

இரண்டு வருடம் முன்பு வேலையை விட்டுப் போனவர். பையை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டியதை நானே பார்த்தேன். அவர் போகவே இல்லை. "ரூம்ல யாரு இருக்காங்க" என்று ஏன் கேட்டார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மேசையில் யாரும் இல்லை என்று நான் சொன்ன பிறகு அவர் உள்ளே போயிருக்கிறார். ரிப்பேருக்கு வந்த எல்லாரையும் நிறுத்தி வைத்த நான், அவருக்கு மட்டும் மாதம் தவறாமல் வழி விட்டிருக்கிறேன்.

"போடறேனுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்தேன். நீல வயர் கையில்தான் இருந்தது. போட்டால் அவர் வந்துவிடுவார். போடாவிட்டால் திங்கட்கிழமை லேபிள் இல்லை, லாரி இல்லை. மேடத்தைக் கூப்பிட்டேன்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுங்களா. இப்ப வயரைப் போட்டா உங்களைத் தவிர வேற ஆளும் வெளியிலிருந்து வர முடியுமுங்களா?"

இப்போது சந்தேகம் அவர் பக்கம் போனது. "இதை யாரு கேக்கச் சொன்னாங்க?" என்றார்.

"நானாத்தான் கேக்கறேனுங்க."

"உள்ள வர அனுமதி இருக்கறவங்க லிஸ்ட் ஒண்ணு இருக்கு. பழசை அப்படியே விட்டிருக்கேன். அதுல பேர் இருந்தா வரலாம். ஏன், யாராவது இருக்காங்களா?"

"பாக்கணுமுங்க."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. வெளியிலிருந்து வரும் மஞ்சள் வயரைப் பிடுங்கச் சொன்னார். நீல வயரைச் சொருகச் சொன்னார். இப்போது ஊர் உலகத்துக்கும் எங்களுக்கும் தொடர்பு இல்லை. மேடமும் உள்ளே வர முடியாது. அம்பு செத்துக் கிடந்தது. போனில் அவர் குரலும் மேசை முன்னால் நானும்தான்.

"நான் எழுத்து எழுத்தாச் சொல்றேன் அண்ணா. நீங்க அடிங்க."

மறுபடி மஞ்சள் முக்கோணப் பெட்டி வந்தது. நான் கையை எடுத்துவிட்டேன்.

"ஸ்வல்ப இருங்க" என்றார். "உள்ள இருந்தப்பவே அந்தக் கைரேகையை நான் இங்க குறிச்சு வச்சேன். நான் படிக்கறேன், நீங்க திரையில பாருங்க."

ஜோடி ஜோடியாகப் படித்தார். ஒவ்வொன்றுக்கும் திரையில் விரலை வைத்தேன். பதினாறும் சேர்ந்தது.

"இதை முன்னாடியே படிச்சிருந்தா நான் வயரைப் பிடுங்கியிருக்க மாட்டேனுங்க."

"என் சர்வீஸ்ல இதை யாரும் கேட்டதே இல்ல அண்ணா. எல்லாரும் கண்ணை மூடிட்டு எஸ் அமுக்கிட்டுப் போயிடுவாங்க" என்று சிரித்தார். பிறகு தயங்கினார். "இப்ப பாஸ்வேர்ட் சொல்லணும். உங்ககிட்ட சொல்லக் கூடாதுதான். இன்னைக்கே மாத்திடுவேன், தப்பா நினைக்காதீங்க."

நான் தப்பாக நினைக்கவில்லை. அப்போதுதான் அவர் மேல் நம்பிக்கையே வந்தது.

என் ஒரு விரலால் அடித்து முடிக்க அரை மணி நேரம் ஆனது. பட்டியல் திரையில் வந்தது. மூன்று நீளமான வரிகள். ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரு பெயர். முதல் இரண்டையும் எழுத்தாகப் படித்துச் சொன்னேன். ஒன்று மேசைக் கம்ப்யூட்டருடையது, இன்னொன்று தன்னுடையது என்றார். மூன்றாவதன் கடைசியில் மூன்று எழுத்து. படிப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. தாளின் அடியில் பல வருடமாகப் பார்த்த அதே மூன்று எழுத்து.

படித்தேன்.

"இது யாரு அண்ணா?"

"தெரியலீங்க மேடம்."

சொல்லி முடிப்பதற்குள் போனில் இன்னொரு அழைப்பு விட்டு விட்டு ஒலித்தது. சிஸ்டம் சார். நான் எடுக்கவில்லை. மேடம் சொன்னபடி அந்த மூன்றாவது வரியை அழித்தேன். அதன் பிறகு மஞ்சள் வயரைச் சொருகினேன். அம்பு உயிர் பெற்றது. மீதி வேலையை அவரே முடித்தார். போவதற்கு முன் புதிய பதினாறு ஜோடியைப் பெரிதாகத் திரையில் வைத்தார். நான் அதை ஒரு தாளில் பார்த்து வரைந்து, பழைய தாளைக் கிழித்துவிட்டு ஒட்டினேன்.

திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. "வயரை ஏன் பிடுங்கினீங்க? நடந்ததைப் பூரா எழுதிக் குடுங்க. எந்தப் பாஷையானாலும் சரி" என்றார்.

"எனக்கு எழுத வராதுங்க சார். எழுத்து எல்லாம் தப்பாப் போவும்."

சிரித்தார். "அட்டெண்டர் தவறுதலாக வயரை எடுத்தார்" என்று அவரே கன்னடத்தில் ஒரு வரி எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்ததும் ஒரு டீ குடித்தேன். அவ்வளவு நிம்மதி. சிஸ்டம் சாரோடு நான் போனில் பேசிவந்த விஷயம் வெளியே தெரிந்தால் முதலில் போவது என் வேலைதானே.

பெங்களூர் அறிக்கையில் ஒரு வரி இருந்தது: யாருடையது என்று தெரியாத ஒரு அனுமதி நீக்கப்பட்டது. மேனேஜர் அந்த வரியைப் பிடித்துக்கொண்டார். அந்த மேசைக் கம்ப்யூட்டரில் தினமும் உட்காருகிறவர் யார்? லேபிள்காரர். அவரை லோடிங்குக்கு மாற்றினார்கள். கம்ப்யூட்டர் அறைக்குள் அவர் வரக் கூடாது என்று என்னிடமே சொன்னார்கள். சாவி என்னிடம்தான் இருக்கிறது.

முதல் வாரம் அவர் சிரித்தார். "என்ன மாப்ள, நம்மளை ஊட்டியில இருந்து இறக்கி உட்டுட்டாங்க." பிறகு சிரிக்கவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"நான் அங்க எதையாச்சும் தொட்டனாங்க? நீங்கதான் பக்கத்துலயே இருப்பீங்க. சொல்லுங்க."

"இல்லீங்க."

"அப்புறம் என் மேல ஏன்?"

நான் சுவரைப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்தார். என்னைச் சந்தேகப்பட்டாரா என்று தெரியாது. அதிலிருந்து பேப்பரைத் தனக்குள்ளேயே படித்துக்கொள்கிறார்.

நேற்றுச் சனிக்கிழமை அவரிடம் சொல்லிவிட்டார்கள், இந்த மாதத்தோடு சரி என்று. வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்துப் போனார்.

இன்று காலை உட்கார்ந்தேன், மேனேஜருக்கு ஒரு பக்கம் எழுதலாம் என்று. அது இவ்வளவு நீண்டுவிட்டது. சிஸ்டம் சார் எதற்காக உள்ளே போய் வந்தார், அளவுகளைக் கொடுத்தது அவர்தானா என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. தெரிந்ததை மட்டும் எழுதியிருக்கிறேன். அந்த மூன்று எழுத்தையும், அவர் போன் செய்த நம்பரையும் தனித் தாளில் எழுதிச் சேர்த்திருக்கிறேன்.

ஒரு சிக்கல் இருக்கிறது. மேனேஜருக்கு இதை யாராவது படித்துச் சொல்ல வேண்டும், அவர் முன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எங்கள் தொழிற்சாலையில் தமிழைத் தடங்கலில்லாமல் படிக்கத் தெரிந்தவர் லேபிள்காரர் ஒருவர்தான். நாளை காலை இதையும் அறைச் சாவியையும் எடுத்துக்கொண்டு முதலில் லோடிங் பக்கம்தான் போவேன். அவர் கையில்தான் கொடுப்பேன். பிழைகளை அவர் திருத்திப் படித்துக்கொள்ளட்டும்.

ஞாயிற்றுக்கிழமை, நவம்பர் ஒன்பது.